குன்றக்குடி தாண்டாத பத்மினி

கேள்வி: அண்ணன் அவர்களுக்கு வணக்கம். எங்கள் அப்பச்சி 1986-ல் வாங்கிய பிரீமியர் பத்மினி கார் தேவகோட்டை வீட்டில் நிற்கிறது. அப்பச்சி காலமாகி மூன்று வருடம் ஆகிறது. நாங்கள் மதுரையில் இருக்கிறோம். படைப்பு, கல்யாணம், திருவிழா என்று ஊருக்கு வரும்போதுதான் வண்டியை எடுப்போம். மற்ற நாளெல்லாம் கொட்டகையில்தான். இரண்டு வருடமாக ஒரே தொல்லை. காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. ஒன்றிரண்டு லிட்டர் ஊற்றிக்கொண்டு ஊருக்குள் சுற்றினால் ஒன்றும் செய்வதில்லை. பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பினால் காரைக்குடி தாண்டி, குன்றக்குடி மலை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் முக்கி முக்கி நின்றுவிடுகிறது. சோக்கை இழுத்தால் நூறு அடி போகும், மறுபடி நிற்கும். பெட்ரோல் கேஜ் வேலை செய்யாததால் டிரைவர் அண்ணன் டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்ப்பார். பெட்ரோல் இருக்கும். அரை மணி நேரம் மரத்தடியில் நிறுத்திவிட்டு எடுத்தால் ஒன்றுமே நடக்காதது போல் கிளம்பும். சூடுதான் காரணம் என்றார்கள். ஈரத்துணி போட்டோம், ஒரு தடவை கேட்டது, ஒரு தடவை கேட்கவில்லை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரை மூன்று தடவை கழற்றிச் சுத்தம் செய்தார்கள். பிறகு வேறு கார்புரேட்டரே மாற்றினார்கள். பிளக்கும் புதிது. யாரோ பெட்ரோல் எடுக்கிறார்கள் என்று பூட்டு மூடி போட்டதைத் தவிர டேங்க் பக்கம் யாரும் போகவில்லை. போன தை மாதம் டேங்க் நிரப்பிக்கொண்டு கிளம்பினோம், அன்றைக்கு தேவகோட்டை ரஸ்தாவிலேயே நின்றுவிட்டது. இப்போது எலெக்ட்ரிக் பம்ப் போடச் சொல்கிறார்கள். எத்தனால் பெட்ரோல்தான் காரணம் என்றும் சொல்கிறார்கள். என்ன செய்வது? விற்க மனசு வரவில்லை.

பதில்: ஆச்சி, வணக்கம். விற்க வேண்டாம். உங்கள் வண்டியில் பெரிய கோளாறு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் போகிற போக்கில் எழுதிய மூன்று விஷயங்கள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. பூட்டு மூடி போட்டது ஒன்று. டேங்க் நிரப்பிய அன்று சீக்கிரம் நின்றது ஒன்று. டிரைவர் அண்ணன் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தது ஒன்று. இந்த மூன்றும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. அந்த இடம் கார்புரேட்டர் இல்லை.

டேங்க்கில் இருந்து ஒரு லிட்டர் பெட்ரோல் வெளியே போனால், அந்த இடத்துக்கு ஒரு லிட்டர் காற்று உள்ளே வரவேண்டும். அதற்காகவே அந்தக் காலத்து மூடியில் ஒரு சின்னத் துளை வைத்திருப்பார்கள். சில வண்டிகளில் டேங்க்கின் கழுத்துப் பக்கம் மெல்லிய குழாய் ஒன்று போகும். பூட்டு மூடி வாங்கும்போது சாவி சரியாகத் திரும்புகிறதா என்று பார்க்கிறோமே தவிர, துளை இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. துளை இல்லாத மூடியைப் போட்டு இறுக்கினால், பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்றழுத்தம் இறங்கிக்கொண்டே போகும். முன்னால் இருக்கும் பம்ப் ஒரு பக்கம் இழுக்கும், டேங்க் மறுபக்கம் பிடித்து வைத்துக்கொள்ளும். கடைசியில் பம்பால் இழுக்க முடியாமல் போகும். கார்புரேட்டர் காலியாகி, வண்டி முக்கி நிற்கும்.

டேங்க் நிரம்பிய அன்று சீக்கிரம் நின்றதற்கும் இதுவே காரணம். நிறைந்த டேங்க்கில் பெட்ரோலுக்கு மேலே இருக்கும் காற்று கொஞ்சம்தான். பத்மினி லிட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கொடுக்கும். ஒரு லிட்டர் குறைந்தவுடனே அந்தக் கொஞ்சக் காற்று விரிந்து மெலிந்துவிடும். ஒன்றிரண்டு லிட்டர் மட்டும் ஊற்றிக்கொண்டு ஊருக்குள் சுற்றும்போது டேங்க் பெரும்பாலும் காற்றுதான். அதில் ஒரு லிட்டர் குறைந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதனால்தான் கடைத்தெருவுக்குப் போனால் நல்ல வண்டி, கோயிலுக்குப் போனால் கெட்ட வண்டி என்று ஆகிவிட்டது. துரு அடைப்பாக இருந்தால் கதை பெரும்பாலும் தலைகீழாக இருக்கும். பெட்ரோல் அடியில் கிடக்கும்போதுதான் தொல்லை அதிகமாகும்.

அப்புறம் அந்தக் குச்சி. வண்டி நின்றவுடன் மூடியைத் திறக்கிறார், அந்த நொடியே காற்று உள்ளே போய்விடுகிறது. கோளாறு அங்கேயே தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு மரத்தடியில் இருந்த அரை மணி நேரம் உங்களுக்கு இளைப்பாற உதவியிருக்கும், வண்டிக்கு அது தேவைப்பட்டிருக்காது. ஆனால் எல்லோரும் ‘ஆறியதால் கிளம்பியது’ என்று நினைத்துக்கொண்டீர்கள். பழி சூட்டின் மேல் விழுந்தது, அங்கிருந்து கார்புரேட்டருக்குப் போனது.

இதை உறுதி செய்துகொள்ள ஒரு ரூபாய் செலவில்லை. அடுத்த முறை வண்டி நிற்கும்போது ஓரமாக நிறுத்திவிட்டு, காதை டேங்க் மூடிப் பக்கம் வைத்துக்கொண்டு மூடியை மெதுவாகத் திருகச் சொல்லுங்கள். ‘புஸ்ஸ்’ என்று காற்று இழுக்கும் சத்தம் கேட்கும். சில சமயம் டேங்க் தகடே ‘டொக்’ என்று நிமிரும் சத்தம்கூட வரும். கேட்டதும், அரை மணி நேரம் காத்திருக்க வேண்டாம். மூடியைப் போட்டுவிட்டு உடனே செல்ஃப் அடியுங்கள். கார்புரேட்டர் நிறைய ஐந்து பத்து விநாடி ஆகும், அவ்வளவுதான். கிளம்பிவிட்டால் குற்றவாளி மூடிதான். கிளம்பாவிட்டால் நான் தப்பு, கீழே சொல்கிற வரிசையில் பாருங்கள்.

மூடிதான் என்றால் துளை உள்ள மூடியாகப் பார்த்து மாற்றுங்கள். அப்பச்சி காலத்து மூடி வீட்டில் எங்காவது கிடந்தால் அதையே எடுத்து, துளையில் ஏர் அடித்துச் சுத்தம் செய்து போடுங்கள். வாயை வைத்து ஊத வேண்டாம், உறிஞ்சவும் வேண்டாம். பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் ஆளையே சாய்த்துவிடும்.

எனக்கு இந்தச் சந்தேகம் சட்டென்று வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு பழைய கார், பெரிய வீடு ஒன்றின் கொட்டகையில் எட்டு மாதம் நின்றுவிட்டு என்னிடம் வந்தது. இதே நோய். நானும் கார்புரேட்டரைத்தான் முதலில் கழற்றினேன். பம்ப் மாற்றினேன். வண்டி மூன்று நாள் பட்டறையில் கிடந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் டேங்க்கின் காற்றுக் குழாயை டார்ச் அடித்துப் பார்த்தால், வாய் நிறையச் செம்மண். குளவிக்கூடு. கம்பியால் குத்தி எடுத்தபோது விரல் நுனி அளவுக்குச் சின்ன மண்பானை மாதிரி முழுசாக வந்தது, உள்ளே புழு இருந்தது. நம் பக்கத்து வீடுகளில் பட்டாலைத் தூணிலும் கதவு நிலையிலும் குளவி கூடு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆடாமல் அசையாமல் நிற்கிற வண்டியின் குழாயும் அதற்கு ஒரு பொந்துதான். அந்த நாளில் இருந்து, நின்று போன வண்டி எது வந்தாலும் நான் முதலில் போவது டிக்கிப் பக்கம்தான்.

சரி, மூடி இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது முதல் கேள்வி, நிற்பது பெட்ரோல் இல்லாமலா, கரண்ட் இல்லாமலா என்பது. பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயிலோ கண்டன்சரோ சூடானதும் படுத்துக்கொள்வதும், ஆறியதும் எழுந்துகொள்வதும் பாயிண்ட் செட் உள்ள வண்டிகளில் சகஜம். ஆனால் கரண்ட் போனால் வண்டி பெரும்பாலும் பட்டென்று ஆஃப் ஆகும். பெட்ரோல் வராவிட்டால் திணறும், முக்கும், இழுவை குறையும், அப்புறம்தான் நிற்கும். சோக்கை இழுத்தால் நூறு அடி போகிறது என்றீர்களே, அது பெட்ரோல் பஞ்சத்தின் அடையாளம். சோக் காற்றை மறித்து, மிச்சம் இருக்கிற பெட்ரோலை உறிஞ்சிக் கொடுக்கிறது. காயில் கெட்ட வண்டிக்குச் சோக் எந்த உதவியும் செய்யாது.

இன்னும் உறுதி வேண்டுமானால், நின்ற இடத்திலேயே ஏர் ஃபில்டரைக் கழற்றி, எஞ்சின் ஓடாத நிலையில், கார்புரேட்டரின் தொண்டைக்குள் பார்த்தபடி ஆக்ஸிலேட்டர் லிங்க்கைக் கையால் தள்ளச் சொல்லுங்கள். உள்ளே மெல்லிய கம்பி மாதிரி பெட்ரோல் பீச்சினால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தங்கும் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது, கரண்ட் பக்கம் போங்கள். ஒன்றும் வராவிட்டால் கிண்ணம் காலி, பெட்ரோல் பக்கம் தேடுங்கள். இந்த ஒரு நிமிட வேலையை உங்கள் வண்டிக்கு யாரும் செய்யாததுதான் எனக்கு வருத்தம். செய்திருந்தால் கார்புரேட்டர் மூன்று தடவை மேசைக்கு வந்திருக்காது.

பெட்ரோல் பக்கம் என்று தெரிந்தால் டேங்க்கில் தொடங்கி முன்னால் வாருங்கள். தண்ணீர்க் குழாயில் தண்ணீர் வராவிட்டால் மேல்தொட்டியில் இருந்துதானே பார்ப்போம்? வண்டியில் மட்டும் எல்லோருக்கும் கை முதலில் கார்புரேட்டருக்குப் போகிறது. அது கண்ணுக்கு எதிரே இருக்கிறது, நாலு போல்ட்டில் கழன்று வருகிறது என்பதால்தான்.

கொட்டகையில் நிரம்பாத டேங்க்கோடு மாதக்கணக்கில் நின்ற வண்டி அது. மேல்பாதித் தகட்டில் இரவுக் குளிரில் ஈரம் படியும், துரு பிடிக்கும். துருத் தூள் அடியில் கிடக்கும்வரை தொல்லை இல்லை. சாலையில் வேகமாகப் போகும்போது பம்ப் இழுக்கிற இழுப்பில் அந்தத் தூள் குழாய் வாயில் இருக்கும் வலையில் போய் அப்பிக்கொள்ளும். வண்டி நின்றதும் இழுப்பு நிற்கும், தூள் உதிர்ந்து கீழே விழும், மறுபடி கிளம்பும். இதுவும் கேட்பதற்கு உங்கள் கதை மாதிரியே இருக்கும். ஆகவே மூடி சரியானாலும் இதை விட்டுவிடாதீர்கள். டேங்க்கின் அடியில் இருந்து ஒரு லிட்டர் பெட்ரோலை வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, நிழலில் அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் மிளகாய்த் தூள் மாதிரி சிவப்பாகப் படிந்தால் துரு. அடியில் தனியாக ஒரு அடுக்கு நின்று, பாட்டிலைச் சாய்த்தால் கோடு மாதிரி நகர்ந்தால் தண்ணீர். இரண்டில் எது இருந்தாலும் டேங்க்கை இறக்கிக் கழுவித்தான் ஆகவேண்டும். முன்னால் ஃபில்டர் மேல் ஃபில்டராகப் போட்டுச் சமாளிப்பது நாலு நாள்தான் ஓடும்.

இங்கே இரண்டு விஷயம் கவனமாகச் சொல்லவேண்டும். பெட்ரோலைப் பிடிக்கிற வேலையை வீட்டு வளவில் வைத்துக்கொள்ளாதீர்கள். முற்றத்தில் சிந்துவது மழைத்தண்ணீர் போகிற வழியாகவே போகும். பல வீடுகளில் அது கிணற்றுக்கும் ஊருணிக்கும் போகிற வழி. வெளியே திறந்த இடத்தில், பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போய் எங்கோ எரியும் விளக்கைத் தொடும். இன்னொன்று, டேங்க்கில் ஓட்டை இருந்து வெல்டிங் வைத்து அடைக்க வேண்டியிருந்தால், ‘காலி டேங்க்தானே’ என்று யாரையும் நெருப்பைக் கிட்டே கொண்டுவர விடாதீர்கள். நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. உள்ளே நிற்பது வெடிக்கக் காத்திருக்கும் ஆவி. இதைச் செய்து பழகிய ஆளிடம் மட்டும் கொடுங்கள்.

அடுத்து லைனும் ஹோஸும். டேங்க்கில் இருந்து பம்ப் வரை உள்ள பகுதியில் விரிசல் இருந்தால் வெளியே பெட்ரோல் சொட்டாது. ஏனென்றால் அங்கே பம்ப் இழுக்கிறது, தள்ளுவதில்லை. விரிசல் வழியாகக் காற்றுத்தான் உள்ளே போகும். ‘எங்கேயும் லீக் இல்லையே’ என்று சொல்லும் மெக்கானிக் சரியாகத்தான் சொல்கிறார், ஆனால் வண்டி ஏர் இழுத்துக்கொண்டிருக்கும். ரப்பர் ஹோஸை விரலால் வளைத்துப் பாருங்கள். வெளியில் தேங்காய் ஓட்டில் விழுகிற கோடு மாதிரி மயிர் மயிராக வெடித்திருந்தால் மாற்றுங்கள். உள்ளே பிசுபிசுவென்று ஊறியிருந்தாலும் மாற்றுங்கள். புதிது வாங்கும்போது மேலே ‘எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9’ என்று அச்சிட்டதாகக் கேளுங்கள், அது எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும். கடையில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் பிளாஸ்டிக் ட்யூப் வேண்டாம். பெட்ரோலிலும் சூட்டிலும் அது கட்டை மாதிரி ஆகி ஒருநாள் ஒடியும், அந்த ஒருநாள் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் கொட்டும்.

பிறகு பம்ப். எஞ்சின் பக்கவாட்டில் இருக்கிற அதை நாங்கள் ஏ.சி. பம்ப் என்போம், குளிர்சாதன ஏ.சி.க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கார்புரேட்டருக்குப் போகும் பைப்பைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, ஸ்பார்க் வராதபடி காயில் ஒயரை எடுத்துவிட்டு, இருபது விநாடி செல்ஃப் அடித்தால் துடிப்புத் துடிப்பாக ஒரு டீ கிளாஸ் அளவாவது வரவேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் டயாஃப்ரமோ (பம்புக்குள் இருக்கும் சவ்வு) வால்வோ போயிருக்கிறது. ஒரே தடவையாக இருபது விநாடி அடிக்காமல் விட்டு விட்டு அடியுங்கள், செல்ஃப் மோட்டார் பழசு. கூடவே எஞ்சின் ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஊற்றாமலே ஆயில் அளவு ஏறியிருந்தாலோ, டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலில் இறங்குகிறது என்று அர்த்தம். அந்த நிலையில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டவேண்டாம், பேரிங் போய்விடும். பம்பையும் ஆயிலையும் சேர்த்து மாற்றிவிட்டுத்தான் எடுக்கவேண்டும்.

பம்பை எப்போதாவது கழற்றியிருந்தால் இன்னொன்றும் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சினுக்கும் பம்புக்கும் நடுவில் தடிமனான ஃபைபர் துண்டு ஒன்று வரும். சூடு பம்புக்கு ஏறாமல் தடுப்பது அதுதான். பழையது உடைந்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, காகித பேக்கிங் மட்டும் வெட்டி வைத்து முடுக்கிவிடுவார்கள். வண்டி ஓடும். ஆனால் சித்திரை வெயிலில் பெட்ரோல் பம்புக்குள்ளேயே கொதித்து ஆவியாகும், பம்ப் ஆவியைத்தான் அடித்துக்கொண்டிருக்கும். ஈரத்துணி வைத்தியம் உண்மையில் இந்த நோய்க்குத்தான். உங்களுக்கு ஒரு தடவை கேட்டு ஒரு தடவை கேட்காமல் போனதைப் பார்த்தால், கேட்ட அன்றைக்கு மூடியையும் திறந்திருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். டிரைவர் அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள்.

எலெக்ட்ரிக் பம்ப் வேண்டாம். டேங்க் மூச்சு முட்டிக் கிடக்கும்போது பலமான பம்ப் போட்டால், அது இன்னும் பலமாக இழுக்கும், டேங்க் தகடு உள்வாங்கும். உங்கள் வண்டியில் வரும் சோலெக்ஸ் கார்புரேட்டரில், பெட்ரோலை அடைத்து நிறுத்தும் ஊசி வால்வு தாங்குவது இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. அழுத்தம்தான். இன்ஜெக்‌ஷன் வண்டியின் பம்ப் நாற்பது பி.எஸ்.ஐ. வரை அடிக்கும். கைக்குக் கிடைத்ததைப் போட்டால் கார்புரேட்டர் ஓவர்ஃப்ளோ ஆகி எஞ்சின் மேல் வழியும். விபத்தில் எஞ்சின் நின்றால் பழைய பம்பும் நின்றுவிடும். எலெக்ட்ரிக் பம்ப், தனியாகக் கட்-ஆஃப் வைக்காவிட்டால், சாவி போட்டிருக்கும்வரை அடித்துக்கொண்டே இருக்கும். ஏ.சி. பம்புக்கான ரிப்பேர் கிட் இன்னும் கிடைக்கிறது. அதைப் போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கழற்றிய பழைய கார்புரேட்டர் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே விசாரியுங்கள். அதைப் பட்டறையில் விட்டுவிடாதீர்கள். உங்கள் 1,089 சிசி எஞ்சினுக்கு என்று ஜெட் (பெட்ரோல் போகும் சின்னத் துளை) அளவு பார்த்து வந்தது அது. இப்போது மாட்டியிருப்பதில் எந்த வண்டியின் ஜெட் இருக்கிறதோ. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் நம் வீட்டுக் கதவையும் தூணையும் விலைக்கு வைத்திருப்பதைப் பார்க்கும்போது ஒரு வலி வருமே, பழைய கார்களைப் பிரித்து விற்பதைப் பார்த்தால் எனக்கு அதே வலி வரும். மூடியைச் சரிசெய்த பிறகு, பழைய கார்புரேட்டருக்குக் கிட் போட்டு அதையே மாட்டச் சொல்லுங்கள். ஜெட்டுக்குள் ஊசியோ கம்பியோ விட்டு நோண்டக் கூடாது, ஏர் மட்டும்தான். கிண்ணத்தில் மிதக்கும் ஃப்ளோட் பித்தளையாக இருந்தால் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் குலுங்கினால் ஓட்டை. வெந்நீரில் அமுக்கினால் குமிழி வருகிற இடம் தெரியும்.

எத்தனால் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் வண்டி நடுவழியில் நிற்பதற்கு அது காரணம் இல்லை. ஆனால் அதற்கும் இந்த வண்டிக்கும் ஒத்துப்போகாது என்பது உண்மைதான். நம் நாட்டில் 2022-ல் பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் என்ற நிலை வந்தது, 2025-ல் அது 20 சதவீதம் ஆனது. உங்கள் பத்மினி செய்த காலத்தில் பம்பாய் குர்லா தொழிற்சாலையில் இதை யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். எத்தனால் பழைய ரப்பரையும் கார்க் பேக்கிங்கையும் ஊறவைக்கும். டேங்க்கில் வருடக்கணக்காக ஒட்டியிருந்த பிசினைக் கரைத்துக்கொண்டுவந்து ஜெட்டில் சேர்க்கும். காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். அந்த ஈரம் கார்புரேட்டர் கிண்ணத்தில் படிந்து, திறந்து பார்த்தால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடியாக இருக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. வெறும் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்ததற்குச் சுமார் 13.5 கிலோ போதும். புதிய வண்டியில் இதைக் கம்ப்யூட்டர் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அது தெரியாது, பழைய அளவிலேயே ஊற்றும். அதனால் எஞ்சின் கொஞ்சம் பட்டினியில் ஓடும், சூடும் கூடும். ஒரு நல்ல ஓட்டம் ஓட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சரி. சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் மெயின் ஜெட் ஒரு அளவு பெரிதாக வேண்டும். கரியாக இருந்தால் அதிகம் குடிக்கிறது. இதையும் மூடி, ஹோஸ், பம்ப் எல்லாம் சரியான பிறகே பார்க்கவேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். நாலைச் சேர்த்து மாற்றினால், எது கோளாறு என்பது கடைசிவரை தெரியாது.

நிறுத்திவைக்கும்போது செய்யவேண்டியது எளிது. ஒன்றிரண்டு மாதத்தில் திரும்பி வருவதாக இருந்தால் டேங்க்கை நிரப்பிவிட்டுப் போங்கள். காற்று குறைவாக இருந்தால் ஈரமும் குறைவு. அதற்கு மேல் ஆகும் என்றால் டேங்க்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் கிடந்த பெட்ரோலை நான் நம்புவதில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் பதினைந்து நாளைக்கு ஒருமுறை கொட்டகையிலேயே ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் உறுமவிட்டு நிறுத்துகிறார் என்றால் அதை வேண்டாம் என்று சொல்லுங்கள். எஞ்சின் முழுசாகச் சூடாகாமல் ஈரம் உள்ளேயே தங்கும். எடுத்தால் பத்துக் கிலோமீட்டராவது போய் வரவேண்டும்.

கடைசியாக ஒன்று. டேங்க்கை இறக்கும் அன்றைக்கே அந்தக் கேஜையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். பெரும்பாலும் கேஜுக்கு அளவு சொல்லும் டேங்க் யூனிட்டின் எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கும், அல்லது உள்ளே ஃப்ளோட் கை சிக்கியிருக்கும். சின்ன வேலைதான். கேஜ் ஓடினால் டிரைவர் அண்ணன் டேங்க்குக்குள் குச்சி விடவேண்டியதில்லை. அந்தக் குச்சியில் இருந்து உதிர்ந்த சிம்பு எத்தனை அடியில் கிடக்கிறது என்பதை, அந்தக் கண்ணாடி பாட்டிலில் பெட்ரோல் பிடிக்கும்போது நீங்களே பார்ப்பீர்கள்.